கரிசல் சேறும் கிளட்ச் தட்டும்

கரிசல் மண்ணுக்கு இரண்டு முகங்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் அது வாய் பிளந்து கிடக்கும். ஆட்டுக்குட்டியின் கால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்புகள் ஓடியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் வெடிப்புகளை மூடிக்கொண்டு, பிசைந்த மாவைப் போலாகி, மிதிப்பவனின் காலைப் பற்றிக்கொள்ளும். பத்து எட்டு வைப்பதற்குள் பாதம் இருமடங்காகிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவனே அறிவாளி.

மண்ணியலார் இதற்குச் சொல்லும் காரணம் எளிது. கரிசலின் களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் மிகுதி. ஏடுகளை அடுக்கி வைத்தாற்போன்ற அமைப்பு அதற்கு. ஏடுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கும். இவ்வகை மண்ணுக்கு 'வெர்ட்டிசால்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். திருப்புதல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. கோடையில் மேல்மண் வெடிப்புகளுக்குள் உதிர்ந்து விழுந்து, மழையில் உப்பி மேலெழுவதால், இந்த மண் தன்னைத் தானே உழுதுகொள்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதையே 'கரிசல் தூங்காது' என்பார்கள்.

ஓட்டப்பிடாரம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1872இல் அங்கே பிறந்த வ.உ.சி. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. வடமேற்கே கோவில்பட்டியும் இடைசெவலும்; கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும், பின்னர் பூமணியும் சோ.தர்மனும் எழுதி எழுதிக் கரிசல் என்ற சொல்லையே ஓர் இலக்கிய வகையின் பெயராக்கிவிட்டார்கள். நான் இங்கே எழுதப் புகுவது அந்த இலக்கியத்தைப் பற்றியன்று. அந்த மண்ணில் ஐம்பத்து நான்கு நாட்களில் செத்துப்போன ஒரு மோட்டார் சைக்கிளின் கிளட்ச் தட்டுகளைப் பற்றி. அவை ஏன் செத்தன, யார் கொன்றார்கள் என்ற கேள்வி இரண்டு நல்ல மனிதர்களைச் சில நாட்கள் பேசாமல் வைத்திருந்தது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதம் பதிவு செய்யத்தக்கது என்று தோன்றுகிறது.

*

'ஆஃப் ரோடு' என்ற சொல் நகரத்தில் ஒரு பொழுதுபோக்கின் பெயராகிவிட்டது. அதற்கென்று உயரமான வண்டிகளும், முள் முளைத்தாற்போன்ற டயர்களும், கவச உடைகளும் உண்டு. அதன் உச்சம் டக்கார் பந்தயம். 2015இல், தென்னமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த அந்தப் பந்தயத்தை மோட்டார் சைக்கிளில் முழுமையாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் என்ற பெயரை சி.எஸ்.சந்தோஷ் பெற்றார், 36ஆவது இடம். அந்தப் பந்தயக்காரர்களுக்கு ஒவ்வொரு இரவும் வண்டியைப் பிரித்துப் பார்க்க ஆட்கள் இருப்பார்கள். மணலிலும் சேற்றிலும் கிளட்ச் தேய்ந்து தீர்வது அவர்களுக்கு எதிர்பார்த்த செலவு.

எங்கள் பக்கத்தில் ஆஃப் ரோடு என்பது தார்ச்சாலை முடியும் இடம். வேலை தொடங்கும் இடமும் அதுதான். ஓடை தாண்டி, வரப்பு ஏறி, பிஞ்சைக்குப் போக வேண்டும். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் அங்கேதான் நிற்கின்றன. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது, 1994இல் ஸ்ப்ளெண்டர். சாலையில் அலுவலகம் போவதற்கென்று வடிவமைக்கப்பட்ட இந்த வண்டிகள் கரிசல் காட்டில் மாட்டின் இடத்தை எடுத்துக்கொண்டன. உர மூட்டை, மருந்து தெளிக்கும் டேங்க், தண்ணீர்க் குடங்கள், சீமைக் கருவேலங்கரி மூட்டை, அறுத்த பயற்றங்கொடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூவர் என எதையும் அவை சுமக்கும். ஏற்றுமதிக் கப்பலுக்குக்கூட எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு கோடு உண்டு. எங்கள் வண்டிகளுக்குக் கோடு கிடையாது.

மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஒன்றை யாரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. சேற்றில் வண்டி அழுந்தினால் மாடு நிற்கும். மூச்சு வாங்கும். கழுத்தைத் தாழ்த்தி, கால்களை அகட்டி ஊன்றி, நுகத்தடியில் மெல்ல மெல்லப் பாரத்தை ஏற்றிக்கொள்ளும். எவ்வளவு முடியும், எப்போது முடியாது என்பதை மாடே தீர்மானிக்கும். என்ஜினுக்கு அந்த அறிவு இல்லை. அது ஆயிரத்துச் சொச்சம் சுற்றுகளுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். சுழலும் என்ஜினுக்கும் நகர மறுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நின்று சமாதானம் பேச ஒருவர் வேண்டும். அவர்தான் கிளட்ச்.

*

இவ்விடத்தில் சற்று இயந்திரம் பேச வேண்டியிருக்கிறது. இலக்கிய அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிளட்ச் என்பதற்குத் தமிழில் கலைச்சொல் ஆக்க முயன்றவர்கள் பலர். எதுவும் பட்டறையில் புழங்கவில்லை. பொருளைச் சொல்வதானால், பற்றுவதும் விடுவதும் அதன் தொழில். 100 சிசி வண்டியின் வலப்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளங்கை அகல வட்டத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைக் காணலாம். ஓர் உராய்வுத் தட்டு, ஓர் எஃகுத் தட்டு, மறுபடி ஓர் உராய்வுத் தட்டு என்று மாறி மாறி இருக்கும். உராய்வுத் தட்டுகளின் விளிம்பில் உள்ள பற்கள் வெளிக்கூட்டின் பள்ளங்களில் அமர்ந்து என்ஜினோடு சுழலும். எஃகுத் தட்டுகள் நடுவிலுள்ள ஹப்பில் அமர்ந்து கியரோடு சுழலும். ஸ்பிரிங்குகள் இவ்வடுக்கை இறுக்கிப் பிடித்தால் எல்லாத் தட்டுகளும் ஒன்றாய்ச் சுழலும். லீவரைப் பிடித்தால் ஸ்பிரிங்கின் பிடி தளரும்; என்ஜின் தன் போக்கில், சக்கரம் தன் போக்கில்.

உராய்வுத் தட்டு என்பது அலுமினியத் தகட்டின் இரு பக்கமும் ஒட்டப்பட்ட ஒரு மெல்லிய படலம். முன்பு தக்கையை அடிப்படையாகக் கொண்டு செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பிசின் ஊட்டிய நார்த்தாள் வகை. இது முழுவதும் என்ஜின் எண்ணெயில் நனைந்தபடியே வேலை செய்கிறது. வழுக்கச் செய்வதற்கென்றே படைக்கப்பட்ட எண்ணெயில் மூழ்கியபடி, வழுக்காமல் பற்ற வேண்டும் என்பது இதன் விதி. அதனால்தான் எண்ணெயும் முக்கியம். கார்களுக்கென்று வரும் சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். அவை இந்தத் தட்டுகளுக்கு ஆகா. ஜப்பானியர்கள் 1990களின் இறுதியில் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு தரநிலை வகுத்து, டப்பாவின் மேல் 'ஜாசோ எம்.ஏ.' என்று அச்சிட வைத்தது இந்தக் காரணத்தால்தான்.

ஒரு கிளட்ச் எவ்வளவு பாரத்தைப் பற்றும் என்பது நான்கு காரியங்களைப் பொறுத்தது: ஸ்பிரிங்கின் அழுத்தம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, தட்டின் ஆரம், பரப்பின் உராய்வுத் தன்மை. நான்கும் ஒன்றையொன்று பெருக்குபவை. ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மொத்தப் பிடிமானத்திலும் ஐந்தில் ஒரு பங்கு போகும். தயாரிப்பாளர்கள் தேவைக்கு மேல் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். தார்ச்சாலையில் அந்த மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியாது. சேற்றில் தெரிந்துவிடும்.

*

பெரியப்பா மகனுக்கு ஓட்டப்பிடாரத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே பிஞ்சை. எனக்கு அண்ணன் முறை. 2023 ஐப்பசியில், விதைப்பு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், அவருடைய வண்டியில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. அதுவரை இருந்தது வண்டியோடு வந்த தட்டுகள். பல ஆண்டுகள் உழைத்தவை. பட்டறை அண்ணாச்சி பார்த்துவிட்டு, கம்பெனி செட் வாங்கிவரச் சொன்னார். வெளிக்கூட்டின் பள்ளங்களிலும் தட்டின் பற்கள் இடித்து இடித்துத் தடம் விழுந்திருக்கிறது, அதையும் மாற்றிவிட்டால் நல்லது என்றார். உரக்கடைப் பாக்கி இருந்த நேரம். அண்ணன் கோவில்பட்டியில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் விசாரித்தார். கம்பெனி செட்டின் விலையில் பாதிக்கும் குறைவாக இன்னொரு செட் இருந்தது. அட்டைப்பெட்டி பளபளப்பாக இருந்தது. வெளிக்கூட்டை அடுத்த அறுவடைக்குத் தள்ளிவைத்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வண்டி செய்யும் கம்பெனியின் பெயர் இல்லாத உதிரிபாகம் எல்லாம் போலி அல்ல. கம்பெனிகளுக்கே பாகம் செய்து தருபவர்கள் தங்கள் பெயரிலும் சந்தையில் விற்கிறார்கள். அவற்றில் பல நன்றாகவே உழைக்கும். கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் திருடி ஒட்டுவது போலி. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சொந்தப் பெயரிலேயே வரும். அளவெல்லாம் சரியாக இருக்கும். வண்டியில் கச்சிதமாகப் பொருந்தும். எதை எதன்மேல் எப்படி ஒட்டினார்கள் என்பது மட்டும் தெரியாது. அண்ணன் வாங்கியது அந்த மூன்றாம் வகை. அண்ணாச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'மனசு ஒப்பல தம்பி' என்றார். ஆனாலும் தட்டுகளைச் சிறிது நேரம் எண்ணெயில் ஊறவைத்து, முறைப்படி மாட்டிக் கொடுத்தார்.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி பிறந்த அன்று, மழை பிடித்தது. தென்மாவட்டத்துக்காரர்கள் யாரும் அந்த இரண்டு நாட்களை மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைவிட அது அதிகம். தாமிரபரணிக் கரையில் நேர்ந்த பேரழிவு செய்திகளில் வந்தது. கரிசல் காட்டில் நேர்ந்தது அவ்வளவாக வெளியே வரவில்லை. கண்மாய்கள் உடைந்தன, பயிரெல்லாம் தண்ணீரில் நின்றது, எங்கள் ஊருக்கு வரும் பாதையில் தாம்போதி அரித்துக்கொண்டு போயிற்று. மின்சாரம் இல்லை. காரும் வேனும் வர வழியில்லை. டிராக்டர் வைத்திருந்தவர்களும் அரிப்பைத் தாண்ட அஞ்சினார்கள்.

மழை வெறித்த மறுநாளிலிருந்து அண்ணன் காட்டு வழியாக, வரப்பு வரப்பாக, வண்டியைக் கொண்டுபோனார். அரிசி, பால் பாக்கெட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கைக்குழந்தைக்குப் பால்மாவு. ஊரில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவருக்கு இன்சுலின். குளிர்பெட்டி வேலை செய்யாததால், ஈர மணல் நிரப்பிய சட்டியில் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்திருந்தார்கள், அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று நடை. நான்கு நாட்கள் வண்டி தாங்கியது. ஐந்தாம் நாள், ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, என்ஜின் கூவியது, சக்கரம் திரும்பவில்லை. கியரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கருகிய வாடை. அவர் வண்டியை ஒரு கருவேல மரத்தில் சாய்த்துவிட்டு, மருந்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அரிசிப் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். தட்டு மாட்டி அன்றைக்கு ஐம்பத்து நான்காம் நாள். ஓடியிருந்தது ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சொச்சம். சாலையில் ஓடும் வண்டியில் தட்டுகள் இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் உழைப்பது வியப்பே இல்லை.

*

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கவே இன்னும் நான்கைந்து நாட்கள் ஆயின. பட்டறையில் நான் இருந்தேன்.

'என்ன அண்ணாச்சி, ரெண்டு மாசங்கூட ஓடலயே. நீங்க மாட்டுனதுதான?'

'மாட்டுனது நான். வாங்கிட்டு வந்தது யாரு?'

'கடைக்காரரு ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாருலா.'

'அப்ப அவருட்ட போயிக் கேளு.'

அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. பதினைந்து ஆண்டுப் பழக்கம். அண்ணாச்சியின் மகள் கல்யாணத்துக்குப் பந்தலுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனவர் இவர். இவருடைய அப்பா இறந்தபோது இரவு முழுக்க உடனிருந்தவர் அவர். இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அண்ணன் கிளம்பிவிட்டார். நான்கு நாள் கழித்து அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். 'நான் இன்னும் தொறக்கல. அவன் முன்னால வச்சுத்தான் தொறப்பேன். கூட்டிட்டு வா' என்றார்.

அன்று அவர் வண்டியைத் திறந்த முறையை, உடலைத் திறந்து சாவின் காரணம் அறியும் மருத்துவரின் முறை என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் கழற்றிப் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். எதையும் துடைக்கவில்லை.

முதலில் எண்ணெய். வண்டி தண்ணீரில் இறங்கியிருக்கிறது. உள்ளே நீர் புகுந்திருந்தால் எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருக்கும். இது கறுத்து, கருகல் வாடையோடு இருந்தது, வெளுப்பு இல்லை. ஆகவே தண்ணீர் குற்றவாளி அல்ல. எண்ணெய் டப்பாவை அண்ணன் வைத்திருந்தார், மோட்டார் சைக்கிளுக்கானதுதான். அதுவும் விடுதலை.

அடுத்து கேபிள். லீவரின் முனையில் விரற்கடை அளவு தளர்வு இருக்க வேண்டும். 'பிளே' என்பார்கள். தட்டு தேயத் தேய அது குறையும், முற்றிலும் இல்லாமற் போனால், பிடிக்காமலேயே கிளட்ச் பாதி பிடித்தபடி இருக்கும், வழுக்கும். அண்ணன் வாரந்தோறும் அதைச் சரி செய்துவந்திருக்கிறார். திருகில் அடையாளம் இருந்தது.

பிறகு தட்டுகள். எஃகுத் தட்டுகளில் மயிற்கழுத்து நிறத்தில் நீலத் திட்டுகள். எஃகு ஏறக்குறைய 300 டிகிரி சூட்டைக் காணும்போது இந்த நீலம் பாரிக்கும். ஒன்றைக் கண்ணாடிச் சில்லின் மேல் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டினார், தட்டு வளைந்திருந்தது. ஸ்பிரிங்குகளைப் புதியதன் அருகில் நிறுத்தினார், சற்றே குட்டையாகியிருந்தன. உராய்வுத் தட்டுகள் நான்கு. இரண்டின் பரப்பு கண்ணாடிபோல் மினுங்கியது. விரலால் தடவினால் சொரசொரப்பே இல்லை. பிசின் கருகி இறுகிய மினுக்கம் அது. மற்ற இரண்டும் அப்படியல்ல. அவற்றில் படலமே இல்லை. அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. உரிந்த துண்டுகள் எண்ணெய் வடிகட்டியில் ஈரப் புகையிலைபோல் அடைத்துக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி வெகுநேரம் அந்த நான்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டை ஒரு பக்கமாகவும் இரண்டை மறுபக்கமாகவும் தள்ளிவைத்தார்.

'இந்த ரெண்டும் சுட்டுச் செத்தது. அந்த ரெண்டும் உரிஞ்சு செத்தது. சுட்டது உன் சேறு. உரிஞ்சது அவன் பசை.'

*

இந்த ஒரு பிரிப்பில்தான் விடை முழுவதும் இருந்தது. அதை விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

சூடு எங்கிருந்து வந்தது? இவ்வகை வண்டிகள் பலவற்றில், முதல் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுழன்றால் வண்டி மணிக்கு ஏறக்குறைய 6 கி.மீ. போகும், 4000 சுற்றுக்கு 12 கி.மீ. சேற்றில் போகக்கூடிய வேகம் நடைவேகம், 4 கி.மீ. அந்த வேகத்துக்கு நேராக இணைத்தால் என்ஜின் அணையும் நிலைக்கு வந்துவிடும். சுமையை இழுக்க அதற்குத் திராணி இராது. ஆகவே ஓட்டுபவர் என்ஜினை 4000த்தில் கூவவிட்டு, கிளட்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு நகர்த்துகிறார். சுழற்சியில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி இரண்டு பங்கு தட்டுகளுக்கு நடுவே உராய்ந்து வெப்பமாகிறது. என்ஜின் அந்நேரம் 3 கிலோவாட் தருகிறது என்றால் 2 கிலோவாட் வெப்பம். வீட்டில் வாளித் தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் கம்பி பெரும்பாலும் 1.5 கிலோவாட்தான். அதைவிடக் கூடுதலான ஒன்றை, ஒரு லிட்டர் எண்ணெய் மட்டுமே உள்ள பெட்டிக்குள் செருகியதாக எண்ணிக்கொள்ளலாம். வெப்பம் வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் எண்ணெய் சூடேறும். உராயும் மெல்லிய தட்டுகளோ அதைவிட வேகமாகச் சூடேறும்.

கரிசல் இதற்கு மேலும் ஒன்று செய்யும். டயரில் ஏறிய மண் மட்கார்டின் உட்புறத்தில் அப்பி, சுற்றுக்குச் சுற்று தடித்து, இறுதியில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். செம்மண்ணில் சக்கரம் வழுக்கிச் சுழலும். அப்போது கிளட்ச் தப்பித்துக்கொள்ளும். கரிசலில் சக்கரம் சுழலவே மாட்டாது. முழுப் பாரமும் கிளட்சின் தலையில். சூடேறினால் உராய்வு குறைகிறது, ஸ்பிரிங் தளர்கிறது. பிடிமானம் குறைந்தால் மேலும் வழுக்கல். வழுக்கினால் மேலும் சூடு. கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கடன் என்பதைப் போன்ற சுழல் இது.

இது மண்ணின் பங்கு. ஓட்டியவரின் பங்கும்கூட, அந்த ஐந்து நாட்களில் வேறு விதமாக ஓட்ட இயலாது என்பதையும் சேர்த்துக்கொண்டால். நல்ல தட்டும் இந்தச் சூட்டில் மினுங்கிப்போயிருக்கும். ஆனால் நல்ல தட்டில் படலம் தகட்டை விட்டு உரியாது. பரப்பு கெடலாம், ஒட்டு விடக்கூடாது. மினுங்கிய தட்டு வழுக்கி வழுக்கியாவது, சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகவேனும் வீடு வந்து சேர இடம் கொடுக்கும். இரண்டு தட்டுகள் உரிந்தபோது உராயும் பரப்புகளில் பாதி ஒரே கணத்தில் இல்லாமற் போயிற்று; மிஞ்சிய பாதி ஏற்கெனவே மினுங்கியது. அதனால்தான் வண்டி படிப்படியாகத் தளராமல் நட்டநடுக்காட்டில் ஒரேயடியாக நின்றது. அண்ணாச்சி இதையே சுருக்கமாகச் சொன்னார்: 'கம்பெனித் தட்டா இருந்தாலும் சுட்டிருக்கும். ஆனா உன்னை நடக்க வச்சிருக்காது.'

வெளிக்கூட்டின் தடங்களையும் அவர் விட்டுவிடவில்லை. தட்டின் பற்கள் அந்தக் குழிகளில் சிக்கிக்கொண்டால் அடுக்கு சீராக இறுகாது, பிடிப்பது தாமதமாகும், தாமதமும் ஒரு வழுக்கல்தான். 'அதையும் மாத்தாம நான் மாட்டிக் குடுத்திருக்கக் கூடாது' என்று தம் பங்கையும் ஒதுக்காமல் எடுத்துவைத்தார். அண்ணன் அதற்குப் பதிலாக, 'காசு இல்லன்னு சொன்னது நாந்தான அண்ணாச்சி' என்றார். பேச்சு மீண்டது அங்கேதான்.

*

யார் ஈடு செய்வது என்ற கேள்விக்கு நியாயமான விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடையில் பெட்டியையும் உரிந்த தட்டுகளையும் கொண்டுபோய்க் காட்டினோம். 'கிளட்ச் தேய்மான அயிட்டம், அதுக்கு கேரண்டி கெடையாதுங்க' என்றார்கள். தேய்மானப் பொருள்தான். ஆனால் தேய்வது வேறு, உரிவது வேறு. தேய்மானம் பயன்பாட்டின் கணக்கில் சேரும். உரிதல் செய்தவன் கணக்கில் சேர வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கேட்க, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் சம்சாரிக்கு மொழி இல்லை. பெட்டியின் மேல் முகவரிகூடத் தெளிவாக இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது என்று நான் சொன்னேன். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் தட்டின் விலையைத் தாண்டிவிடும் என்று அண்ணன் கணக்குச் சொன்னார். மலிவான பொருளின் பாதுகாப்பே அதுதான்: அது தரும் இழப்பு, வழக்காடும் செலவைவிட எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

மலிவானதை வாங்கியவரைக் குறை சொல்வது எளிது. மானாவாரி விவசாயத்தில் ஐப்பசி, கார்த்திகை என்பது பணமெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டு, ஒன்றும் திரும்பி வராத காலம். வண்டி பழுதாவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். வேலையும் சேறும் ஒன்றாக வருவதால். கையில் காசு மிகக் குறைவாக உள்ள நாளில் மிக வலுவான பாகம் தேவைப்படுகிறது. இந்த முரணில்தான் அந்த மூன்றாம் வகைச் சந்தை உயிர் வாழ்கிறது. தைக்கு மேல் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோரும் நல்ல தட்டுதான் வாங்குவார்கள்.

அண்ணாச்சி கூலி வாங்கவில்லை. அண்ணன் கம்பெனி செட்டும், ஸ்பிரிங்குகளும், வெளிக்கூடும் கடன் சொல்லி வாங்கிவந்தார். கூடவே, பின்சக்கரத்துக்குச் சில பற்கள் கூடுதலான ஸ்ப்ராக்கெட் ஒன்றையும் அண்ணாச்சி தேடிப் பிடித்து மாட்டினார். இதனால் தார்ச்சாலையில் வேகம் சற்றுக் குறையும்; பெட்ரோலும் சற்றுக் கூடும். ஆனால் நடைவேகத்தில் என்ஜினுக்குக் கூடுதல் சுற்றுகள் கிடைப்பதால் பாதிக் கிளட்ச்சில் ஓட்ட வேண்டிய நேரம் குறையும். மழைக்காலத்துக்கு முன்மட்கார்டைக் கழற்றிவிடுவது, பின்மட்கார்டைத் தூக்கிக் கட்டுவது, மண் சுரண்ட ஒரு கருவேலங்குச்சியை வண்டியிலேயே செருகி வைப்பது, மோசமான இடத்தில் இறங்கிக்கொண்டு வண்டியோடு நடப்பது, சுமையை இரண்டு நடையாகப் பிரிப்பது எனப் பலரும் செய்கிற காரியங்களையும் வரிசையாகச் சொல்லி அனுப்பினார். 'சேத்துல புடிச்சா முழுசாப் புடி, விட்டா முழுசா விடு. நடுவுல நிக்காத. வாடை வந்தா நிறுத்திட்டு ஒரு பீடி நேரம் ஆற விடு.' அண்ணனுக்குப் பீடிப் பழக்கம் இல்லை. ஆனால் அந்தக் கால அளவை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அந்த வாசகம் மாட்டையே நினைவூட்டியது. நின்று மூச்சு வாங்குவதை இயந்திரத்துக்கு மனிதன்தான் கற்பிக்க வேண்டியிருக்கிறது. இனி இந்தக் காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கலப்பையும் தார்க்குச்சியும் போலவே, கிளட்ச் லீவரின் விரற்கடைத் தளர்வையும் தெரிந்துகொண்டு எழுத வேண்டியிருக்கும். விவசாயியின் உடல் அறிவு இப்போது அவன் இடக்கையின் நான்கு விரல்களில் குடியேறியிருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. கெட்டுப்போன பொருளைப் பற்றிப் பேசும்போது அது எதற்காக உழைத்துக் கெட்டது என்பதை நாம் சொல்வதில்லை. அந்தத் தட்டுகள் மோசமானவை. செய்தவன் பசையில் மிச்சம் பிடித்தவன். அதில் ஐயமில்லை. ஆயினும் நான்கு நாட்கள், நாளைக்கு மூன்று நடை, அவைதாம் ஓர் ஊருக்கு அரிசியும் மருந்தும் கொண்டுவந்து சேர்த்தன.

வண்டி புதுத் தட்டுகளோடு இரண்டு மழைக்காலத்தைக் கடந்துவிட்டது. உரிந்த தட்டு ஒன்றையும் நீலம் பாரித்த எஃகுத் தட்டு ஒன்றையும் அண்ணாச்சி பட்டறைச் சுவரில் அடுத்தடுத்து இரண்டு ஆணிகளில் மாட்டிவைத்திருக்கிறார். பாதி விலை செட்டோடு யாராவது வந்தால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தேநீர் சொல்லப் போய்விடுகிறார்.